கல்லறைக்கு வேலி, குடிசைக்குக் கேள்வி!

பழவேற்காட்டிலே ஒரு கல்லறைத் தோட்டம் உண்டு. வாயிலின் இருபுறமும் எலும்புக்கூட்டு உருவங்களைக் கல்லிலே செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே, பதினேழாம் நூற்றாண்டில் இங்கு வணிகம் நடத்த வந்த டச்சுக்காரர்களும் அவர்தம் மனைவி மக்களும் உறங்குகின்றனர். முந்நூறு ஆண்டுக்கு மேலாகக் காற்றடித்தது, புயலடித்தது, கடல் பொங்கியது. கல்லிலே வெட்டிய பெயர்கள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. இந்தியத் தொல்லியல் துறை அதைக் காத்து வருகிறது. 2010ஆம் ஆண்டு திருத்தப்பட்ட சட்டப்படி, இத்தகைய சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தொலைவுக்குப் புதுக் கட்டடம் எழும்பக் கூடாது. அதற்கு அப்பாலும் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றே எழுப்ப வேண்டும்.

காக்கட்டும், காக்க வேண்டியதே. வரலாற்றுச் சின்னத்தை இடித்துத் தள்ளுக என்று கூறுவோர் நாமல்லோம். ஆனால், அதே கரையில், அதே காற்றில், அதே புயலில் வாழும் மீனவனைப் பற்றிக் கேட்காமலும் இருக்க முடியவில்லை. இறந்தவர் உறங்கும் இடத்துக்கு எல்லை உண்டு, ஏடு உண்டு, காவல் உண்டு. வாழ்பவர் உறங்கும் இடம் யாருடையது என்று கேட்டுக் கணக்கைப் புரட்டினால், 'புறம்போக்கு' என்ற ஒரே சொல் எத்தனையோ குடிசைகளுக்கு விடையாக நிற்கிறது!

ஏன் இந்த நிலை? "எங்கள் தலையெழுத்து அப்படி" என்பார் கரையிலே வலை பின்னும் முதியவர். "கடலம்மா கொடுத்தது அவ்வளவே" என்பார் அவர் துணைவியார். தலையிலே எவரும் எழுதவில்லை, தோழர்களே! எழுதியவை அனைத்தும் தாளிலே இருக்கின்றன. எழுதிய ஆண்டும் இருக்கிறது. அந்தத் தாள்களைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

நீரும் மணலும் யார் சொத்து?

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே விரிந்து கிடக்கிறது பழவேற்காடு ஏரி. ஒரிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக, இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி அது. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்பகுதி தமிழகத்தில். தெற்கே ஆரணியாறு வந்து கலக்கிறது. கடலோடு ஏரி கலக்கும் முகத்துவாரம் திறந்திருந்தால் இறாலும் மடவையும் நண்டும் உள்ளே வரும். மணல் மூடினால் அடுப்பிலே பூனை உறங்கும்.

இக்கரையை நாடி வந்தவர் பலர். 1613இல் டச்சுக்காரர் ஜெல்டிரியா என்ற கோட்டையை எழுப்பினர். சோழமண்டலக் கரையில் அவர்தம் வணிக ஆட்சிக்கு இதுவே தலைமை இடமாயிற்று. 1690இல் அந்தத் தலைமை நாகப்பட்டினத்துக்குப் போகும் வரை அப்படியே இருந்தது. துணி ஏற்றினர்; வெடிமருந்து செய்தனர்; பஞ்சத்தில் அடிபட்ட ஏழைகளை அடிமைகளாக்கிக் கப்பலேற்றிப் பட்டேவியாவுக்கும் அனுப்பினர். பிறகு 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கோட்டைக்கு உடையவர் மாறினர். குடிசைக்கு உடையவர் மட்டும் எந்தக் காலத்திலும் எழுதப்படவில்லை.

ஆங்கிலேயர் எழுதினர். எதை? 1905ஆம் ஆண்டு சென்னை மாகாண நில ஆக்கிரமிப்புச் சட்டத்தை! கடலின் படுகை, கழிமுகம், ஆறு, ஏரி, பிறர் உரிமையென மெய்ப்பிக்கப்படாத நிலம் யாவும் சர்க்கார் சொத்து என்று அந்தச் சட்டம் அறிவித்தது. கழனியை உழுதவனுக்குத் தீர்வை விதித்தார்கள்; தீர்வை கட்டியதால் அவன் பெயர் கணக்கில் ஏறிற்று; ஏறியதால் பட்டா வந்தது. நீரை உழுதவனுக்கு? அவன் கழனியில் வரப்பில்லை. சர்வே கல் நட முடியாது. எனவே அவன் பெயர் ஏறவில்லை. பாட்டன் காலத்திலிருந்து குடிசை போட்டிருந்த மணல்மேடும் சர்க்கார் மணலாயிற்று. அதிலே குடியிருந்தவன் ஆக்கிரமிப்பாளனானான். 'பி மெமோ' என்ற சொல்லைக் கேட்டாலே புறம்போக்கில் வாழும் ஏழைக்கு நெஞ்சு பதைப்பதேன் என்பதற்கு இந்த வரலாறே விடை.

மனைதான் மனிதனைப் பிணிக்கும் சங்கிலி என்பதை அக்காலத்து ஆங்கில அதிகாரி ஒருவரே எடுத்துக் காட்டியிருக்கிறார். பழவேற்காடு அடங்கிய பொன்னேரி வட்டம் அன்று செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அம்மாவட்டக் கலெக்டர் திரமென்ஹீர், 1891இல், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். அவர் கண்டதென்ன? உழைப்பவன் குடியிருக்கும் மனை மிராசுதாரன் பிடியில் இருந்தது. கூலி போதாதென்று வாய் திறந்தால், "மனையைக் காலி செய்" என்ற மிரட்டல் வந்தது. ஆகவே அவன் வாய் திறக்கவில்லை. 1892 செப்டம்பர் 30 அன்று பிறந்த அரசாணையும், பின்னர் பஞ்சமி நிலம் என்று வழங்கிய ஒதுக்கீடும் அந்த அறிக்கையின் விளைவுகள். ஏட்டில் ஏறிய அந்நிலங்களில் எத்தனை கைமாறிப் போயின என்பது வேறொரு கண்ணீர்க் கதை.

1971இல் தமிழ்நாட்டில் குடியிருப்பு அனுபோகதாரர்க்கு உரிமை வழங்கும் சட்டம் வந்தது. பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த உழவருக்கும் உழவுத் தொழிலாளருக்கும் அந்த மனையையே உரிமையாக்கிய சட்டம் அது, போற்றத்தக்க சட்டம். எனினும் அதன் சொற்களைக் கூர்ந்து நோக்குக: உழவர், உழவுத் தொழிலாளர். வலை வீசுபவன் அந்தச் சொற்களில் அடங்கவில்லை. வேண்டுமென்றே விலக்கினர் என்று நாம் கூறவில்லை. சிற்றூர் என்றாலே வயல், ஏழை என்றாலே ஏர் என்று நினைக்கப் பழகிவிட்ட உள்ளம், நீரிலே பிழைப்பவனை மறந்துவிட்டது; அவ்வளவே. ஆனால் மறதியினாலும் கூரை ஒழுகும்!

தகுதி என்னும் வாயில்

இத்தகைய மறதி நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவில் 1949இல் வீட்டுவசதிச் சட்டம் இயற்றி, சிற்றூர்களில் வீடு கட்ட அரசே கடன் கொடுக்க முன்வந்தனர். யாருக்கு? பண்ணை உடையவருக்கு! அதே சிற்றூரில் வாழ்ந்து, மரம் அறுத்தும் மீன் பிடித்தும் பிழைத்தவருக்கு அந்த வாயில் திறக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1961இல்தான், பண்ணையில்லாத சிற்றூர்வாசிக்கும் கடன் உண்டு என்று திருத்தினர். எது சிற்றூர் என்பதற்கான மக்கள் தொகை அளவையும் பின்னர் மேலும் மேலும் உயர்த்தினர். இதிலிருந்து நாம் கற்பதென்ன? 'தகுதி' என்பது வானத்திலிருந்து விழுந்த வேதமன்று. மேசையிலே அமர்ந்து மனிதர் எழுதியது. மனிதர் கேட்டால் மாற்றக் கூடியது.

இந்தியாவில் 1985இல் இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் தொடங்கிற்று. முதலில் அது தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோர்க்கென இருந்தது. 1993-94இல் பிற ஏழைகளுக்கும் விரிந்தது. தமிழகத்தில் 2010இல் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் வந்தது. 2011இல் 300 சதுர அடியில் சூரிய ஒளி விளக்குடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம் வந்தது. 2016இல் இந்திரா திட்டத்தின் இடத்தில் ஊரகப் பகுதிக்கான பிரதமர் வீட்டுவசதித் திட்டம் வந்தது. சமவெளியில் வீடு ஒன்றுக்கு 1,20,000 ரூபாய் உதவி; ஒன்றிய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு. குறைந்தது 25 சதுர மீட்டர் வீடு. மேலும் வேண்டுவோர் 70,000 ரூபாய் வரை வங்கியில் கடன் பெறலாம்.

நல்லதுதானே என்பீர்கள். நல்லதுதான். வாயிலில் நின்ற காவலாளியைப் பார்த்தீர்களா?

படகு செய்த பாவம்!

அத்திட்டத்தின் பட்டியல், 2011ஆம் ஆண்டின் சமூக பொருளாதார சாதிக் கணக்கெடுப்பிலிருந்து எடுக்கப்பட்டது. ஓட்டை வீட்டில் வாழ்பவன் என்பது மட்டும் போதாது. 13 நிபந்தனைகளில் எதுவும் அவனைத் தொடக் கூடாது. அரசு ஊழியர் வீட்டில் இருக்கக் கூடாது; வருமான வரி கட்டக் கூடாது; சரி, நியாயம். குளிர்பதனப் பெட்டி இருக்கக் கூடாது. தொலைபேசி இருக்கக் கூடாது. மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் எவரும் ஈட்டக் கூடாது. இவற்றுக்கெல்லாம் முன்னே, பட்டியலின் தலைப்பிலேயே நின்றது ஒரு நிபந்தனை: இயந்திரம் பொருத்திய இருசக்கர, மூன்று சக்கர, நான்கு சக்கர வண்டியோ மீன்பிடிப் படகோ இருக்கக் கூடாது!

படகு! மீனவனுக்குப் படகு என்ன, பல்லக்கா? உலாப் போகும் தேரா? உழவனுக்கு ஏர் எப்படியோ, தச்சனுக்கு உளி எப்படியோ, அப்படித்தான் மீனவனுக்குப் படகு. உளி வைத்திருக்கிறாய், ஆகவே நீ செல்வன் என்று தச்சனிடம் கூறினால் ஊர் சிரிக்கும். இயந்திரப் படகு வைத்திருக்கிறாய், ஆகவே நீ ஏழையல்லன் என்று மீனவனிடம் சட்டமே கூறிற்று; சிரிக்க ஆளில்லை.

அதிலும் ஒரு வேதனை உண்டு. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கிற்று. பழவேற்காட்டுக் கரையும் தப்பவில்லை. தமிழகக் கரையெங்கும் கட்டுமரங்கள் சிதறின, வலைகள் அறுந்தன. அரசும் தொண்டு அமைப்புகளும் நிவாரணமாகக் கொடுத்தவற்றுள் இயந்திரம் பொருத்திய ஃபைபர் படகுகள் ஏராளம். ஏழு ஆண்டு கழித்துக் கணக்கெடுப்பவர் வந்தார். படகு உண்டா என்று கேட்டார். உண்டு என்றால் கட்டத்திலே குறி. துயரத்துக்கு ஈடாகக் கொடுத்த படகே செல்வத்துக்குச் சான்றாயிற்று! கொடுத்த கையும் அரசின் கை. குறித்த கையும் அரசின் கை. ஒரு கை செய்ததை மறு கை அறியவில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். உழவர்க்கு வழங்கும் கிசான் கடன் அட்டை மீனவர்க்கும் உண்டு என்று 2018-19ஆம் ஆண்டு ஒன்றிய வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தனர். கந்துவட்டிக்காரனிடமும், முன்பணம் கொடுத்து மீனை அடிமாட்டு விலைக்கு வாங்கும் தரகனிடமும் சிக்கித் தவிப்பவனுக்கு அது நல்ல செய்தி. ஆனால், 50,000 ரூபாயோ அதற்கு மேலோ வரம்புள்ள கடன் அட்டை இருந்தால் வீடு கிடையாது என்பதும் அந்த 13 நிபந்தனைகளுள் ஒன்று! கடன் வாங்கும் தகுதியைச் செல்வமென்று எண்ணிய கணக்கு இது. வட்டிக்காரனிடம் வாங்கியிருந்தால் எவர் கணக்கிலும் ஏறாது. வங்கியில் வாங்கினால் வீடு போகும்!

2024 ஆகஸ்டில் மேலும் 2 கோடி வீடுகளுக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அடுத்த மாதம் நிபந்தனைகளைத் தளர்த்தினர். இருசக்கர வண்டி, மீன்பிடிப் படகு, குளிர்பதனப் பெட்டி, தொலைபேசி ஆகியவை தடையல்ல என்றாயிற்று. வருமான வரம்பு 15,000 ரூபாயாக உயர்ந்தது. வரவேற்கிறோம். கடன் அட்டை நிபந்தனையோ அப்படியே நிற்கிறது. 2016 முதல் 2024 வரை எட்டு மழைக்காலங்கள் போய்விட்டன என்பதையும் நினைவூட்டுகிறோம். அந்த எட்டு மழைக்காலத்தில் ஒன்று, 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் கொண்டு வந்தது. ஒரு சொல்லைத் திருத்த எட்டு ஆண்டு. அச்சொல்லினால் வெளியே நின்றவன் நனைந்ததும் எட்டு ஆண்டு.

மனை எங்கே?

படகுத் தடை நீங்கிற்று. பட்டாத் தடை நீங்கிற்றா? 2030க்குள் குடிசையில்லாத் தமிழகம் காண, 8 லட்சம் வீடுகள் என்ற நோக்குடன் தமிழக அரசு 2024இல் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தை அறிவித்தது. வீட்டுக்கு 3,50,000 ரூபாய். 360 சதுர அடி. முன்னைய தொகைகளை விடப் பெரிது. ஆனால் வீடு கட்டப் பட்டா வேண்டும். வங்கியில் கடன் கேட்டாலும் மேலாளர் முதலில் கேட்பது பத்திரம். அடகு வைக்க மனை இல்லாதவனுக்கு வட்டிச் சலுகையால் என்ன பயன்?

பட்டா கேட்டுப் போகும் மீனவன் முன் எத்தனை வேலிகள்! 1980இல் ஏரியின் தமிழகப் பகுதி பறவைகள் சரணாலயம் ஆயிற்று. 1991இல் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை வந்தது. அலை ஏறும் எல்லையிலிருந்து ஊரகக் கரையில் 200 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் தடை செய்யப்பட்டது. 2011இலும் 2019இலும் அது திருத்தப்பட்டபோது, மரபுவழிக் கரையோர மக்களின் குடியிருப்புக்குச் சில வழிகள் விடப்பட்டன. கரையைக் காப்பது வேண்டியதே. பூநாரை வாழ வேண்டியதே. ஆனால் கரைக்கும் பறவைக்கும் கேடு செய்தது எது? ஓலைக் கூரையைச் செங்கற் சுவராக்கிய மீனவன் வீடா? எண்ணூர்க் கரையிலே அனல்மின் நிலையமும் துறைமுகமும் எழுந்தபோது, வேலி அவற்றுக்கு வழிவிட்டு விலகியது. குடிசைக்கு முன்னே மட்டும் விறைத்து நிற்கிறது.

கடல் பொங்கிய பின் 2005 மார்ச் 30இல் பிறந்த அரசாணை 172இன் கதையையும் அறிய வேண்டும். அலை எல்லையிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்த கூரை வீட்டை இழந்தோர், அதற்கு அப்பால் போனால் 1,50,000 ரூபாய் மதிப்பில் புது வீடு. கணவன் மனைவி இருவர் பெயரிலும் உரிமை. இது பாராட்டுக்குரிய புதுமை. ஆனால் பழைய மனையை அரசுக்கே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். போக மறுப்பவர் அங்கேயே இருக்கலாம். அரசின் வீட்டு உதவி கிடையாது. உயிர் காக்கும் எண்ணம் இதில் இருந்தது, மறுக்கவில்லை. ஆயினும், படகைக் கரையில் விட்டுத் தொலைவிலே உறங்குவது எளிதன்று என்பதைக் கடலறிந்தவன் அறிவான். வீடு வேண்டுமா, கரை வேண்டுமா என்று கேட்டால் அவன் எதைச் சொல்வான்? எதைச் சொன்னாலும் பாதியை இழப்பான்.

நம் வீட்டுக் கணக்கு

அரசைக் கேட்டோம். இனி நம்மையும் கேட்டுக் கொள்வோம். இல்லையேல் நம் கேள்விக்கு வலிமையில்லை.

பழவேற்காட்டில் 'பாடு' என்றொரு வழக்கம் தொன்றுதொட்டு உண்டு. ஏரியின் மீன்வளம் மிக்க இடங்களைச் சீட்டுப் போட்டு, முறைவைத்துப் பிரித்துக் கொள்வது அது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் போன்ற ஊர்களில், ஒருவன் ஓரிடத்தையே பிடித்துக் கொள்ளாமல் எல்லோருக்கும் முறை வரும்படி முன்னோர் அமைத்தனர். பங்கீட்டு நெறி என்ற அளவில் அறிவுக்கு ஒத்தது. ஆனால் 'எல்லோரும்' என்றால் யார்? வழக்கப்படி, பட்டினவர் ஊர்களின் தலைக்கட்டுகள். அதே ஏரியை நம்பி வந்த ஆதிதிராவிட மீனவன் பாடு கேட்டால், "உன் பாட்டனுக்கு உண்டா?" என்ற கேள்வி. சேற்றிலே அமர்ந்து கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்க்கு முறையும் இல்லை, சீட்டும் இல்லை. தலைக்கட்டு என்றால் ஆண். ஆகவே பெண்ணுக்கும் இல்லை. மீனைக் கூடையில் சுமந்து ஊர் ஊராக விற்று அடுப்பெரிப்பவள் அவள். கணக்கில் அவள் தலை தலையன்று!

படகை வைத்து அரசு மீனவனைத் தள்ளியது. பிறப்பை வைத்து மீனவன் இன்னொரு மீனவனைத் தள்ளினான். இரண்டும் ஒரே நோய். பட்டியல் எழுதுபவன் தன்னைப் போன்றவனை மட்டுமே மனிதனாகக் காணும் நோய் அது. இருளர்க்கு வீடு கட்ட 2023 நவம்பரில் தொடங்கிய ஜன்மன் திட்டத்தில் வீட்டுக்கு 2,00,000 ரூபாய் ஒதுக்கியபோது, "அவர்களுக்கு மட்டும் ஏன்?" என்று முணுமுணுக்க எவர்க்கேனும் தோன்றினால், தன் பெயர் பட்டியலில் இல்லாதபோது தன் வயிறு எப்படி எரிந்தது என்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

செய்ய வேண்டியது

அறிவை நம்பும் இளைஞர்க்கு இங்கே வேலை காத்திருக்கிறது. குப்பத்துக்குச் செல்லுங்கள். தலைவிதியைப் பற்றி வாதிட்டுப் பொழுது போக்க வேண்டாம். பட்டியலை எடுத்துப் படித்துக் காட்டுங்கள். யார் பெயர் விடுபட்டது, எந்த நிபந்தனையால் விடுபட்டது, அந்த நிபந்தனை இன்றும் உள்ளதா நீங்கிவிட்டதா என்று எடுத்துச் சொல்லுங்கள். படகுக்காக நீக்கப்பட்டவர் மீண்டும் மனுக் கொடுக்கலாம் என்பதை அறியாமலே ஒரு குடும்பம் ஒழுகும் கூரையின் கீழ் இன்னொரு மழைக்காலத்தைக் கழிக்க வேண்டாம். நிலமற்றவர்க்கு மனை தேடித் தருவது மாநில அரசின் பொறுப்பு என்று ஊரக வீட்டுத் திட்டத்தின் நெறிமுறையே கூறுகிறது. அந்த வரியைக் கிராம சபையிலே எழுந்து நின்று உரக்கப் படியுங்கள்.

நாம் கேட்பது மூன்று. கரையிலே தலைமுறையாய் வாழும் குடும்பத்துக்கு, அது எந்தச் சாதியாயினும், வீட்டுக்கு முன்னே மனைப் பட்டா. அந்தப் பட்டாவில் பெண்ணின் பெயர். தொழிற்கருவியையும் தொழிற்கடனையும் செல்வமாக எண்ணாத கணக்கு.

பழவேற்காட்டுக் கல்லறையில் உறங்கும் டச்சுக்காரன் பெயரைப் படிக்க முடிகிறது. கல்லிலே வெட்டி வைத்திருக்கிறார்கள். அக்கல்லறைக்கு அப்பால், அலையோரத்தில், இன்றிரவு பாய் விரிக்கும் மீனவப் பெண்ணின் பெயரை ஒரு தாளிலே எழுதித் தரக் கேட்கிறோம். கல் வேண்டாம், தாள் போதும்.